பயந்தாங்கொள்ளி கீமேனின் மகள் எழுதுவது

அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தண்டவாளப் பராமரிப்புத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலர் பட்டதாரிகள் என்று தெரியும். 2018-இல் ரயில்வே கடைநிலைப் பணிகளுக்கு ஆள் எடுத்தபோது சுமார் 63,000 இடங்களுக்கு ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்பு படித்திருந்தாலே போதும் என்ற வேலை. எழுத்துத் தேர்வைத் தாண்டி, 35 கிலோ எடையை இரண்டே நிமிடத்தில் 100 மீட்டர் தூக்கிப் போய், பிறகு 1,000 மீட்டரை நான்கேகால் நிமிடத்தில் ஓடி வந்திருக்கிறீர்கள். தங்கைகளுக்கு 20 கிலோ, ஐந்து நிமிடம் நாற்பது நொடி. இத்தனையும் முடித்து ஜல்லிமேல் வந்து நின்றதும், "இதுக்கா இவ்ளோ படிச்சோம்?" என்று உங்களில் இருவர் திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து பெஞ்சில் அரக்கோணம் வண்டிக்குக் காத்திருந்த கிழவி நான்தான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. உங்களிடம் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது.

எங்கள் நைனா இந்தப் பாதையில் வேலை பார்த்தவர். 1965-இல் தினக்கூலியாகப் புகுந்து, கேங்மேனாகி, கீமேனாகி, 2004-இல் ஓய்வு பெற்றார். போன ஆடியில் காலமானார். காரியத்துக்கு வந்தவர்கள் "நல்ல குடும்பஸ்தர்" என்றார்கள். "ரயில்வேக்கே உழைச்சி ஓஞ்ச மனுஷன்" என்றும் சொன்னார்கள். இரண்டும் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். அவரோடு ஒரே கேங்கில் இருந்த பெரியவர் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க நைனா மாதிரி பயந்தாங்கொள்ளிய இந்த லைன்லயே நான் பார்த்தது இல்லம்மா" என்றார். கூடியிருந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே சரியான புகழ்ச்சி அதுதான் என்று நினைத்தேன்.

நைனா என்று எழுதுவதைப் பார்த்துச் சிலர் எங்களைத் தெலுங்குக்காரர்கள் என்று நினைப்பீர்கள். திருத்தணிப் பக்கத்தில் அதெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் தாலுகா சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. நைனாவுக்கு அப்போது பதினாறு வயது. "நான் எங்கயும் போகல, கவர்மெண்டுதான் மாறிச்சி" என்பார். கேங்கில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் தமிழ். வேலைக்கான சொற்கள் எல்லாமே இங்கிலீஷ், அதுவும் வெள்ளைக்காரனே கேட்டால் திகைத்துப்போகும் இங்கிலீஷ். பொன்பாடி தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை, ஆந்திர மாநிலம். நாட்டிலேயே நீளமான ஸ்டேஷன் பெயர்களில் ஒன்று என்று இப்போது படம் எடுத்துப் போகிறார்கள். அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொன்னால் காலணா என்று நைனா எங்களுக்குப் பந்தயம் வைப்பார். தம்பி ஜெயிப்பான். காலணாதான் வராது, அந்த நாணயமே செல்லாமல் போய்விட்டிருந்தது.

கீமேன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கீமேன் வேறு, அவர் காலத்துக் கீமேன் வேறு. அவர் சேர்ந்த புதிதில் கான்கிரீட் ஸ்லீப்பர் கிடையாது, அதில் மாட்டும் வில் கிளிப்பும் கிடையாது. வார்ப்பிரும்புத் தட்டு ஸ்லீப்பர், எஃகுத் தொட்டி ஸ்லீப்பர். தண்டவாளத்தை அவற்றோடு இறுக்கிப் பிடிப்பது ஆப்புப் போன்ற ஒரு சாவி. வண்டி போகப் போக அதிர்வில் அந்தச் சாவி நழுவும். நழுவினதை அடித்து உள்ளே ஏற்றுகிறவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். தோளில் நீளக் காம்புச் சுத்தியல், பையில் ஸ்பேனர், போல்ட்டு, உபரிச் சாவிகள், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர் என்கிற பட்டாசு. விடியும்போது கிளம்பி ஒரு பாதையில் போய் மறு பாதையில் திரும்புவது. தினமும். இடையில் சாவியைத் தட்டிக்கொண்டே நடப்பார். இறுகியிருக்கும் சாவி 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். எங்கள் குவார்ட்டர்ஸ் லைனை ஒட்டி இருந்ததால் அந்தச் சத்தம் தூரத்திலிருந்து நெருங்கி, வீட்டைக் கடந்து, தேய்ந்து போவதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டிருக்கிறோம்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன்.

வண்டி வருகிறது என்றால் மற்றவர்கள் கடைசி நிமிடம் வரை வேலை செய்து, வண்டி கிட்டே வரும்போது ஒரு துள்ளலில் ஒதுங்குவார்கள். அதில் ஒரு கெத்து இருந்தது. நைனா சிக்னல் விழுந்ததைப் பார்த்ததும் கருவிகளைத் திரட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இறங்கி லைனை ஒட்டி நிற்கமாட்டார். சரிவில் இன்னும் கொஞ்சம் கீழே போய் வேலிகாத்தான் பக்கம் நிற்பார். "மெயில் ஏகாம்பரகுப்பத்தையே தாண்டல, இவரு முள்ளுல போய் நின்னுட்டாரு" என்று கேங் முழுக்கச் சிரிக்கும். நைனாவுக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. ஓடும் வண்டியின் அடியில் ஏதாவது தொங்குகிறதா, அச்சு சூடேறிப் புகைகிறதா என்று பார்ப்பதும் கேங்காரர்களின் வேலைதானே? "தள்ளி நின்னாத்தான்டா அடியில தொங்குறது தெரியும்" என்பார். உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை என்று அவருக்கும் தெரியும், கேங்குக்கும் தெரியும்.

இரண்டு பாதைக்கு நடுவில் உள்ள சந்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. இந்த வண்டிக்கு ஒதுங்கி அந்தப் பாதையில் காலை வைப்பவன்தான் சாகிறான் என்பார். ஒரு வண்டியின் இரைச்சலில் இன்னொரு வண்டி கேட்காது. நடக்கும்போது எப்போதும் வண்டி வரும் திசையைப் பார்த்தே நடப்பார். தலையில் துண்டைக் காது மறைய முண்டாசு கட்டமாட்டார், மார்கழிக் குளிரிலும். அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாயைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டு முனை வந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வார். அது அம்மாவுக்காக.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கேங்கில் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்த ஒருவரைக் கண் முன்னால் இழந்திருக்கிறார். அதற்கு மேல் சொல்லவில்லை. லைனில் யாராவது அடிபட்டால் போலீஸ் வரும்வரை உடலுக்குக் காவல் இருப்பதும் கேங்காரர்தான். அப்படிக் காவல் இருந்த நாட்களில் நைனா வாசலிலேயே நிற்பார். அம்மா தண்ணீர் தூக்கி வருவார்கள், கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அன்றைக்கு எங்களில் யாரும் அவரிடம் கணக்குச் சந்தேகம் கேட்கமாட்டோம்.

ஒரே ஒரு நாள் அந்தப் பயந்தாங்கொள்ளி வண்டியை நோக்கி ஓடினார். தை மாத விடியல். குளிரில் இரும்பு சுருங்கும், பலவீனமான இடம் அப்போதுதான் பிளக்கும். பொன்பாடிப் பக்கம் தண்டவாளம் விட்டுப்போய் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. விதி என்ன என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்: 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. எங்கள் வீட்டில் அது வாய்ப்பாடு. நைனாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அதனால் பரீட்சைக்கு விதிப் புத்தகத்தை நான் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு அவர் ஓடினார், பட்டாசுகளை வைத்தார், சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்தார், வண்டி நின்றது. ஒரு சான்றிதழும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்தார்கள். ரொக்கத்தில் எனக்குப் பாவாடைத் துணி வந்தது. சான்றிதழைப் பரணில் போட்டுவிட்டார். காரியத்தன்று தம்பி அதைத் தேடி எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். மாட்டட்டும். ஆனால் அந்த ஒரு காலையை வைத்து அவரை வீரராக்கிப் பேசும்போது எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு அவர் செய்தது அது அல்ல. அவர் முள்ளில் போய் நின்ற ஒவ்வொரு தடவையும் எங்களுக்காகத்தான் நின்றார்.

நல்ல குடும்பஸ்தர் என்கிறார்களே, அதிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டை நடத்தியது அம்மா. தம்பி பிறந்த ராத்திரி நைனா மழை ரோந்தில் இருந்தார், அரிக்கேன் லாந்தரோடு. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே புஷ்பக் காவடியில் மணக்கும், மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. எங்களை மலைக்குக் கூட்டிப் போனது எப்போதும் மாமாதான். கூட்டம் லைனைக் குறுக்கே கடக்கும் நாளில் கேங்காரருக்கு ஏது லீவு? வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழாவில் டிசம்பர் 31 அன்று 365 படிக்கும் பூசை நடக்கும், பஜனை மலையிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். நைனா கீழிருந்தே கும்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார், விடியலில் வேலை. கூட்டமில்லாத ஏதோ ஒரு புரட்டாசிச் செவ்வாயில் தனியாகப் படியேறிவிட்டு வருவார். "முருகனுக்கும் அன்னிக்கித்தான் பேச நேரம் இருக்கும்" என்பார்.

அம்மா வேலைக்குப் போகவில்லை என்றுதான் ரேஷன் கார்டில் எழுதியிருந்தது. ஆனால் அம்மா எந்நேரமும் வேலையில்தான் இருந்தார்கள். பம்பாய் மெயில் எத்தனை மணிக்குப் போனது, சப்தகிரி ஏன் இன்னும் வரவில்லை என்பது அம்மாவுக்கு நைனாவை விட நன்றாகத் தெரியும். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வண்டி நின்று நீளமாக ஊதினால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நைனா வாங்கிய சம்பளத்தில் அந்தக் காவலுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1974 மே ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது எனக்கு விவரம் தெரிந்த வயது. மே 8 முதல் 27 வரை நாடு முழுக்க நடந்தது, பதினேழு லட்சம் பேர் வரை கலந்துகொண்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். எட்டு மணி நேர வேலை, போனஸ், விலைவாசிக்கு ஏற்ற சம்பளம் ஆகியவைதான் கோரிக்கைகள். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் பெயரை வானொலியில் கேட்டுக்கொண்டே இருந்தோம். பல ஊர்களில் குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள், ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் போட்டார்கள். நைனாவும் போகவில்லை, வேலைக்கு. பயந்தாங்கொள்ளிதானே, முதல் நாளே ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவார் என்று கேங்கில் பந்தயம் கட்டியிருந்தார்களாம். அந்த மூன்று வாரமும் கேழ்வரகுக் கூழும் மாமா வீட்டுக் கத்தரிக்காயும்தான். போராட்டம் தோற்றது. போனஸ் மட்டும் 1979-இல் வந்தது. முதல் போனஸில் அம்மாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். வண்டி நேரத்தைச் சூரியனைப் பார்த்தே சொல்கிற அம்மாவுக்கு அது எதற்கு என்று கேட்டேன். "உங்கம்மாவும் டூட்டில இருக்கறாளே" என்றார்.

இலவசப் பயணப் பாஸ் பற்றிச் சொல்லாமல் ரயில்வேக் குடும்பத்தின் கதை முடியாது. பாஸில் ஒருமுறை ராமேசுவரம் போனோம். அன்றைக்கு அது மீட்டர் கேஜ். எங்கள் அகலப் பாதைக்காரருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு. கடலைப் பார்க்கச் சொல்லி எங்களை ஜன்னலில் உட்காரவைத்துவிட்டு அவர் வாசற்படிக்கு அருகே நின்று கீழே கேட்டுக்கொண்டே வந்தார். சில இடத்தில் முகம் சுளிக்கும். சில இடத்தில் தலையாட்டுவார், "இது நல்ல கேங்". பாம்பன் பாலத்தில் உப்புக்காற்றில் சுத்தியலோடு ஓரமாக ஒதுங்கி நின்ற ஒருவரைப் பார்த்துக் கை தூக்கினார். அந்த மனிதரும் கை தூக்கினார். கோயிலைப் பற்றி நைனா எதுவும் சொன்னதாக நினைவில்லை. அந்தக் கீமேனைப் பற்றி வருடக்கணக்கில் பேசினார்.

மழைக்காலம் வந்தால் அரியலூர் ரயில் விபத்தைப் பற்றிப் பேசுவார். 1956 நவம்பர் 23, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மருதையாற்றில் வெள்ளம் பாதையை அரித்துவிட்டிருந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். 1902-இல் நம்முடைய இதே சென்னை–பம்பாய்ப் பாதையில் கடப்பைக்கு அப்பால் மங்கப்பட்டணத்தில் பாலம் அடித்துப் போய் மெயில் வண்டி விழுந்தது, அது யாருக்கும் நினைவில்லை. எந்த வாராவதிக்கு அடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று இருட்டில் லாந்தரைத் தாழ்த்திப் பார்க்க ஒருவர் நடந்து போக வேண்டும் என்பதுதான் இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நைனா எடுத்துக்கொண்டது.

விருப்ப ஓய்வு கொடுத்தால் பிள்ளைக்கு வேலை என்ற திட்டம் கேங்மேன்களுக்கு வந்தது 2004-இல். நைனாவுக்கு வயது கடந்துவிட்டிருந்தது. அந்தத் திட்டமே பிறகு நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. வயது இருந்திருந்தால் தம்பிக்கு வாங்கிக் கொடுத்திருப்பாயா என்று அம்மா கேட்டார்கள். "நான் நடந்ததே போதும்" என்றார். வேலை கேவலம் என்று நினைத்தா அப்படிச் சொன்னார்? இல்லை. லைனைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் சாப்பாட்டிலிருந்தே எழுந்துவிடுவார். வாசலில் நின்று பையனுக்காகக் காது கொடுக்க அவருக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் காலம் அவர் காலத்தைவிடச் சொகுசு என்று ஊர் நினைக்கிறது. டேம்பிங் மெஷின் வந்துவிட்டது, தண்டவாளத்துக்குள் விரிசல் பார்க்க ஒலியலைக் கருவி இருக்கிறது, உங்கள் கையில் ஜிபிஎஸ் கொடுத்து எங்கே நடக்கிறீர்கள் என்று ஆபீஸிலிருந்தே பார்க்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் நைனா காலத்தில் கரி இன்ஜினின் புகை ஒரு மைலுக்கு அப்பால் தெரியும், சத்தம் அதற்கு முன்னால் வரும். எண்பதுகளில் மின்கம்பி வந்த பிறகு அவரே சொன்னார், "இப்ப வண்டி பூனை மாதிரி வருது". மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் முப்பது மீட்டரைத் தாண்டுகிறது. 600 மீட்டர் தூரத்தில் பார்த்தீர்கள் என்றால் உங்களுக்கு இருப்பது இருபது நொடி. குனிந்து கிளிப் அடித்துக்கொண்டிருப்பவருக்கு அதில் பாதி நிமிர்வதிலேயே போய்விடும்.

ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோத்கர் குழு 2012-இல் அறிக்கை கொடுத்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியில் இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர் என்று அதில் இருக்கிறது. இது பயணிகளின் கணக்கு அல்ல, ஊழியர்களின் கணக்கு மட்டும். வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். 2019 ஜூலை 3 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மார்கம் என்ற இடத்தில் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த இருவர் வண்டி மோதி இறந்தார்கள். அதற்குப் பிறகு, வண்டி ஓடும் பாதையில் ஓர் ஆளை நிறுத்திக் கூவச் சொல்லிவிட்டு மற்றவர்கள் வேலை செய்யும் பழைய முறையையே அங்கே பெருமளவு கைவிட்டார்கள். இங்கே நமக்கு அந்தக் கூவும் ஆளே பல நேரம் கிடைப்பதில்லை. வண்டி நெருங்கினால் எச்சரிக்கும் 'ரக்ஷக்' கருவி வருகிறது என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அது எல்லார் இடுப்பிலும் தொங்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை, சங்கத்தைக் கேட்க வைப்பது உங்கள் வேலை.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. ஆறேழு கிலோமீட்டர் பீட்டில் ஒரு கழிப்பறைகூட இல்லாமல் நீங்கள் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சித்திரை வெயிலில் தலை சுற்றி லைனில் உட்கார்ந்துவிட்டால் எந்தக் காதும் உதவாது. தண்ணீர் குடியுங்கள். ஒதுங்க இடம் கேட்டு எழுதிக் கொடுங்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

போனை டூல் ரூமில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, வீட்டில் இருப்பவர்கள் கூப்பிடும்போது எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வேலி ஓரமாக இறங்கி நின்று பேசுங்கள். காதில் மாட்டும் கருவி மட்டும் லைனில் வேண்டவே வேண்டாம். நாளைக்குக் காலையில் கருவிகளை எடுக்கும்போது கேங்கை நடத்தும் மேட்டிடம் கேளுங்கள், "இன்னைக்கு லுக்அவுட் யாரு?" அவர் ஒருவர் பெயரைச் சொல்லி, அந்த ஆள் கொடியோடு போய் நிற்கும்வரை ஜல்லியில் கால் வைக்காதீர்கள். யாராவது பயந்தாங்கொள்ளி என்றால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லைனில் நடந்த ஒரு கீமேனின் மூத்த மகள்,
திருத்தணி.